வெர்னா பாடாத பாட்டு

லைல் டெக்கரின் பேண்ட் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவள் நான். ஆண்கள் எல்லோரும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதித் தள்ளி முடிக்கும்வரை, மேடை ஓரத்து நாற்காலியில் மடியில் கைவைத்துச் சிரித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்து ஒரு சரணம் பாடிவிட்டு மறுபடி உட்கார வேண்டும். பாட்டைவிட அந்தச் சிரிப்புதான் ஹாலிவுட்காரர்களுக்குப் பிடித்தது; ஒரு படத்தில் பாடகியாக நடிக்கக் கூப்பிட்டார்கள். "இந்த மூஞ்சிக்கு இவ்வளவு கட்டைக் குரலா?" என்று சொல்லி, வேறொருத்தியைப் பாடவைத்து என்னை வாயசைக்கச் சொன்னார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பாழாய்ப்போன ஆசை, நானும் கையெழுத்துப் போட்டேன்.

உலகப் போர் முடிந்த வருடம் அந்தப் படம் மினசோட்டாவில் எங்கள் ஊருக்கு வந்தது. ஞாயிறு மதியக் காட்சி. பக்கத்தில் அப்பா. பாட்டு முடிந்ததும் தியேட்டரே என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. அப்பாவும் தட்டினார். அப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

காட்சி முடிந்து சர்ச் கூடத்தில் காபி. ஊர் பேண்ட் தயாராக நின்றது. தபால்காரர் மனைவி இங்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பாட்ட ஒரு தடவ பாடு வெர்னா. ஹாலிவுட் போனதும் எங்களுக்கெல்லாம் பாட மாட்டியோ?"

"தொண்ட கட்டியிருக்குக்கா."

"தியேட்டர்ல நல்லாத்தானே பேசிட்டிருந்த?"

அப்பா கோப்பையோடு வந்து நின்றார். "அவள விடு இங்கா. ஹாலிவுட்லேருந்து வரும்போதே இருமிக்கிட்டுதான் வந்தா."

நான் இருமவே இல்லை. என் பொய்க்கு அப்பா முட்டுக்கொடுக்கிறார். பொய் சொன்னதைவிட அதுதான் கேவலமாக இருந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். "எப்பப்பா கண்டுபிடிச்சீங்க?"

"முதல் வரியிலயே. சின்னதுலேருந்து பாத்திரம் கழுவிக்கிட்டே நீ பாடுறதக் கேட்டவன். எம்பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் கைதட்டுனீங்க?"

"அந்தப் பொண்ணு நல்லாப் பாடிச்சே. அதுக்குன்னு வேற யாரு தட்டப் போறா?" வண்டியைக் கிளப்பினார். "அது பேரு என்ன?"

ஸ்டுடியோவில் ஒரு வாரம் என் எதிரே உட்கார்ந்து, நான் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறேன் என்று பார்த்துப் பார்த்துப் பாடினாள் அவள். காலையில் வணக்கம் சொல்வாள். வயிற்றெரிச்சலில் நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருப்பேன்.

"தெரியாதுப்பா," என்றேன். "கேக்கல."

அப்பா வீடு வரும்வரை சாலையைப் பார்த்தே ஓட்டினார்.