பன்னிரண்டு டிகிரி முன்னால்

"மெல்லமா சுத்துங்க டீச்சர். முன்னாலதான். மறந்தும் பின்னால இழுத்துடாதீங்க." மெக்கானிக் அடைக்கலம் ஸ்பேனரைக் கையில் கொடுத்ததும், முப்பத்துநாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த அரவிந்தவல்லி அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அரியமங்கலம் பட்டறையில் அடைக்கலத்தோடு வேலை பார்க்கும் இளவரசன் மைத்துனி கல்யாணத்துக்குப் போய்விட்டான். இந்த வேலைக்கோ இரண்டு ஆள் வேண்டும். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தன் காரின் எஞ்சினையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிற டீச்சரை விட்டால் வேறு யார் சிக்குவார்கள்?

அவளுடைய அப்பாவின் பழைய ஃபியட் அது. அவர் இருந்தவரை பானெட் திறந்திருந்தால் வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அவர் போன பிறகு தம்பி பராசரன், "பேசாம எடைக்குப் போட்டுடு" என்றான். அவள் காதில் வாங்கவில்லை. அறுபத்தோரு வயதில் போய் லைசென்ஸ் எடுத்தாள், எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்தாள். வால்வுகள் கிடைக்க மட்டும் பதினாலு மாதம். இனி இன்னொரு செட்டுக்கு வழியே இல்லை என்று விற்றவர் கையை விரித்துவிட்டார்.

அந்த வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பது கேம் ஷாஃப்ட் என்கிற தண்டின் கையில். பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் அது ஒரு சுற்று. நடுவே ஒரு செயின். இரண்டின் முனையிலும் உள்ள பல்சக்கரங்களில் இருக்கும் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்து மாட்டினால் தீர்ந்தது வேலை. ஆனால் புதிதாகக் கிடைத்த பல்சக்கரம் புள்ளியே இல்லாமல் மொட்டையாக வந்து சேர்ந்தது. அதனால் கிராங்க் முனையில் டிகிரி தட்டு, வால்வின் தலையில் அளவு பார்க்கும் முள். பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் பன்னிரண்டு டிகிரி இருக்கும்போது காற்றை இழுக்கும் வால்வு திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

"முள்ளு அசைஞ்சதும் நிறுத்துங்கன்னு சொல்வேன். தட்டுல என்ன இருக்குன்னு நீங்க படிங்க. பன்னெண்டு வரணும், அரை டிகிரி முன்னப்பின்ன இருக்கலாம்."

பழகுவதற்காகக் கிராங்கை நாலு சுற்று சுற்றினாள். அப்போதுதான் கண்டாள். புகையை வெளியே விட்ட வால்வு மேலே ஏறி மூடிக்கொண்டே வருகிறது. அது முழுசாக மூடவில்லை, அதற்குள் பக்கத்து வால்வு இறங்கத் தொடங்கிவிட்டது. போகிறவர் வாசலைத் தாண்டும் முன்பே வருகிறவர் காலெடுத்து வைப்பது போல. இடியில்லை, சத்தமில்லை.

"பெருமாளே! வண்டி ஓடறச்சே இது நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடைக்கலம்?"

"ஆயிரத்து எரநூறு இருக்கும்."

கணக்கு டீச்சராச்சே, விடுவாளா? சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கால் மணி நேரம் என்றால் பதினெட்டாயிரம் தடவை. ஐம்பது வருஷம் பின் சீட்டில் உட்கார்ந்து வெயிலைத் திட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முன்னால் இப்படி ஒன்று தப்பாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

"இப்ப நெசமாவே அளக்குறோம். சுத்துங்க... சுத்துங்க... நிறுத்துங்க!"

தட்டில் ஏழு. உச்சியை நெருங்க நெருங்கக் குறைகிற எண். ஐயோ, கை தாண்டிப் போய்விட்டதே! யோசிக்கும் முன்பே ஸ்பேனரை ஒரு இழை பின்னால் தள்ளினாள். "பன்னெண்டு."

"அப்படிப் போடுங்க!" அடைக்கலம் உளியையும் சுத்தியலையும் எடுத்தான். சக்கரங்களில் புள்ளி குத்திவிட்டால் பிறகு யாரும் அளக்கப்போவதில்லை.

விடையை முதலிலேயே தெரிந்துகொண்டு நடுவில் கணக்கை வளைக்கிற பிள்ளைகளின் நோட்டை அவள் கிழித்து எறிந்திருக்கிறாள். பதினெட்டாயிரம் தடவை தப்பாத ஒன்றிடம் முதல் தடவையிலேயே பொய் சொல்லிவிட்டாள்.

"அடிக்காதீங்கோ! ஏழுதான் இருந்தது. நான்தான் தாண்டிட்டேன்னு நெனச்சு, பின்னால இழுத்துட்டேன்."

அடைக்கலம் சுத்தியலைக் கீழே வைத்தான். "பின்னால இழுத்தா செயின் தொய்ஞ்சிரும் டீச்சர். தட்டு ஒண்ணு சொல்லும், வால்வு ஒண்ணு சொல்லும். மறுபடி சுத்துங்க."

சுற்றினாள். இந்த முறை நிறுத்தச் சொன்ன இடத்தில் கை அப்படியே நின்றது. தட்டைப் படித்தாள். "ஏழு."

அடைக்கலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அப்ப உங்க கை தாண்டலீங்க. சக்கரம்தான் அஞ்சு டிகிரி பின்தங்கி உக்காந்திருக்கு. எஞ்சின் மேல்மூடி ஹெட்ட வேற இழைச்சு எறக்கியிருக்கேன், உள்ள எடமே இல்ல. கையால சுத்துனா தெரியாது. ரோட்டுல ஓடுறப்ப, மூடாத வால்வப் பிஸ்டன் வந்து முட்டியிருக்கும். அவ்ளோதான், எல்லாம் போச்சு."

அவள் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

சக்கரத்தைக் கழற்றி, போல்ட் துளையை மாற்றி மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. மறுபடி ஸ்பேனர். மறுபடி, "நிறுத்துங்க."

"நீங்களே வந்து பார்த்துடுங்கோ அடைக்கலம்."

முள்ளிலிருந்து அவன் தலையைத் தூக்கவில்லை. "நான் எதுக்கு டீச்சர்? நீங்க படிங்க."

மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். பன்னிரண்டு என்று சொல்ல எவ்வளவு ஆசை! மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"பதினொண்ணரை," என்றாள்.

ஸ்பேனரை அவள் விடவில்லை. மேலே ஒரு வால்வு மூடி முடிக்காமலும், பக்கத்து வால்வு மயிரிழை மட்டும் இறங்கியும் அவள் கைப்பிடியில் அப்படியே நின்றுகொண்டிருந்தன.