ஜன்னலை மறைத்த குல்லாய்கள்

"ஏனுங்க, இந்த மூட்டையெல்லாம் எப்பப் போகுமுங்க?"

"அடுத்த குளிருக்குப் போயிரும், கோமளா."

ஒன்பது வருடங்களுக்கு முன் நடந்த பேச்சு அது. அவள் கணவன் தனபால் சொந்தமாகத் துணிக் கம்பெனி தொடங்கிய நேரம். முதல் ஆர்டரே குழந்தைகளுக்கான குளிர்க் குல்லாய். வெளிநாட்டுக்காரன் கடைசியில் வேண்டாமென்றுவிட்டான். கம்பெனி போயிற்று. குல்லாய் மூட்டைகள் மட்டும் படுக்கையறை ஜன்னலை மறைத்துக் கூரைவரை உட்கார்ந்துகொண்டன. அன்று பதில் சொல்லும்போது கணவனின் குரல் உடைந்ததைக் கேட்ட கோமளா, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒன்பது குளிர் போயிற்று, மூட்டை போகவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சில மாதங்களாகத் தூக்கத்தில் வியர்த்துக் கொட்டியது. தலையணையைப் பிழிந்தால் ஒரு செம்பு தேறும்.

வேறொரு கம்பெனியில் துணி பரிசோதிக்கும் வேலையில் இருந்த தனபாலுக்கு, உலகத்தில் எது கெட்டாலும் குற்றவாளி துணிதான். அவளுடைய நைட்டிமேல் பழியைப் போட்டான். வாரம் ஒரு துணியில் புது நைட்டி தைத்துவந்தான். அதிலும் வியர்த்தால், துணியின் எடை பார்க்க வட்டமாக வெட்டியெடுக்கிற கம்பெனிக் கட்டரை வைத்து அதன் நடுவிலேயே ஒரு வட்டம் வெட்டித் தராசில் போட்டான். ஏழு நைட்டி ஓட்டையாயிற்று.

"எட்டாவது ஓட்டை எம்மேல விழுகறதுக்குள்ள டாக்டர்கிட்டப் போயிரலாமுங்க" என்றாள் கோமளா.

டாக்டர் பிரிசில்லா ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். சர்க்கரை, தைராய்டு இரண்டிலும் கோளாறில்லை. கிருமித் தொற்றும் இல்லை. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் பலருக்கும் இப்படி வியர்க்கும், தொந்தரவு கூடினால் மருந்து இருக்கிறது என்றார்.

தனபால் சட்டைப் பையிலிருந்து ஏழு வட்டத் துணிகளை எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினான். அப்படியானால் துணிமேல் தப்பே இல்லையா என்று ஏமாற்றத்தோடு கேட்டான்.

"துணிய விடுங்க. படுக்கற ரூம்ல காத்து வருதுங்களா? ஜன்னல் இருக்குதா?"

"இருக்குதுங்க" என்ற தனபால், ஜன்னலை மறைத்த மூட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் சுவர்க் காலண்டரில் அமாவாசை தேட ஆரம்பித்தான்.

மூட்டைப் பேச்சை எடுக்கலாமா என்று கோமளா யோசித்தாள். அன்றைக்குப்போல அவன் குரல் மறுபடி உடைந்துவிட்டால்? வியர்வையைவிட அதற்குத்தான் அவள் பயந்தாள். மேசைமேல் கிடந்த ஏழு வட்டங்களைப் பார்த்தாள். பொண்டாட்டியின் வியர்வைக்காக இத்தனை துணி தேடி அலைந்த மனுசன், ஒரு வார்த்தையையா தாங்கமாட்டான்?

"ஏனுங்க" என்றாள், மெதுவாக. "அந்தக் குல்லாய எல்லாம் ஊட்டிப் பக்கம் கொழந்தைகளுக்குக் குடுத்துரலாமுங்க. எனக்கு ஜன்னலத் தொறக்கோணும்."