வத்தாக்கின் கடைசி நகர்த்தல்

சதுரங்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன் பேர்வழி என்று என் கணவர் அபூ ஜுந்துபும் அவருடைய சிநேகிதர் வத்தாக்கும் எங்கள் பாக்தாத் வீட்டில் தினமும் மல்லுக்கு நின்றார்கள். எந்த ஊரில் என்ன விதி என்று திரட்டுகிறார்களாம். இவர்களுக்கு ஹரீஸாக் கஞ்சி கிண்டிக் கிண்டி என் கைதான் ஓய்ந்தது.

அன்று என் கணவரின் குதிரை, வத்தாக்கின் கடைசிச் சிப்பாயை வெட்டியது. அவருடைய ராஜா தனியாக நின்றது.

"முடிஞ்சுது ஓய். எதிராளி ராஜாவைத் தனியாக்கிட்டா எங்க மதீனாவுல அதுதான் ஜெயம்."

"இது பாக்தாத். எனக்கு இன்னும் ஒரு நகர்த்தல் இருக்கு. உம்ம குதிரையை என் ராஜா வெட்டினா உம்ம ராஜாவும் தனி. ஆட்டம் சமம்."

இவர் பலகைமேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு மறைப்பீர்? வந்து நகர்த்திக்கறேன்," என்று வத்தாக் செருப்பை மாட்டினார். வீட்டுக்குப் போனவரைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்து வந்த கையோடு இவர் அந்த ஆட்டத்தைப் புத்தகத்தில் 'ஜெயம்' என்று எழுதினார். செத்தவரின் வாயை அடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை குதிரை பலகைக்கு வெளியே கிடந்தது. அது நின்ற கட்டத்தில் வத்தாக்கின் ராஜா.

"உன் வேலையா?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

இரண்டையும் பழைய இடத்தில் வைத்தார். அன்று மாலையே உடம்பு கொதித்தது. அறையைப் பூட்டியும் பார்த்தோம். காலையில் குதிரை பலகைக்கு வெளியேதான் கிடக்கும். அதைத் திரும்ப வைக்க வைக்க இவருக்குக் காய்ச்சல் ஏறியது. நான் பயந்துபோனேன்.

"சமம்னு எழுதித் தொலைங்களேன். ஒரு மரக் குதிரைக்காக சாகணுமா?"

"நான் தோக்கல."

"தோத்தீங்கன்னு யார் சொன்னா?"

கடைசியில் இவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. "நீ போய் வை," என்றார். நான் குதிரையை எடுத்துக்கொண்டுபோய் ரொட்டி அடுப்பில் போட்டேன். சாம்பலாகும்வரை நின்று பார்த்தேன். திரும்பி வந்து, "வச்சுட்டேன்," என்று கூசாமல் சொன்னேன்.

விடிந்தபோது வியர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பலகை இருந்த அறைக்குப் போனார். நான் பதறிப் பின்னாலேயே ஓடினேன்.

குதிரை தன் கட்டத்தில் நின்றது. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது, விரலில் கரி ஒட்டியது. வத்தாக்கின் ராஜாவைத்தான் காணோம். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

"மனுஷன் விட்டுக்கொடுத்துட்டாரு," என்றார். ஜெயித்தவர் முகமா அது? பேனாவை எடுத்து 'ஜெயம்' என்பதை அடித்துவிட்டு 'சமம்' என்று எழுதினார். பிறகு வத்தாக் உட்காரும் எதிர்ப்பக்கத்து மெத்தையைத் தட்டிச் சரிசெய்தார்.

"எழுதிட்டேன் ஓய். வந்து நகர்த்தும்."

இன்றும் கண் விழித்ததும் அந்த அறைக்குத்தான் போகிறார். குதிரை நின்ற இடத்திலேயே நிற்கிறது.