தமிழில் ஒரு ஒப்புதல் படிவம்

லிஜா ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "கொண்டு வந்தியா?" என்று நீலகண்டன் பிள்ளை வாசல் சிட்டவுட்டிலிருந்து கேட்டுவிட்டார். வா என்று ஒரு சொல் கிடையாது, இரி என்று ஒரு சொல் கிடையாது. இடது காலைப் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் நீட்டி, மடியில் பரீட்சை அட்டையை வைத்து, சட்டைப்பையில் நீலம் ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக இரண்டு பேனாக்களைச் செருகிக்கொண்டு தயாராக இருந்தார். பாறசாலையிலிருந்து பெருங்கடவிளை வருகிற வழியெல்லாம் ஒரு டயராவது பஞ்சராகக் கூடாதா என்று லிஜா வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். வேண்டாத நாட்களில் நடுரோட்டில் நின்றுவிடுகிற வண்டி, இன்றைக்குப் பார்த்து ஒரு குழியில்கூட இறங்காமல் நல்ல பிள்ளையாக வந்து சேர்ந்திருந்தது.

"கொண்டு வந்திருக்கேன் சார்."

"தமிழிலயாக்குமா?"

"தமிழிலதான் சார். நாலு பக்கம்."

திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம், சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணுக்குப் புதுவகைக் கட்டு ஒன்றைச் செய்து, அதை ஆட்களுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய, ஈரமான ஒரு படலம். அதைப் புண்ணின் மேல் ஒட்டி மேலே துணி சுற்றவேண்டும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்தியொரு பேருக்கு வாரம் இரண்டு நாள் கட்டு மாற்றி, புண்ணை அளந்து, போட்டோ எடுத்து அனுப்புவது நர்ஸிங் படித்த லிஜாவின் வேலை. மொத்தம் பதினாறு வாரம். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற நீலகண்டன் பிள்ளைக்கு இது பத்தாவது வாரம். பதினான்கு மாதம் சாதாரணக் கட்டுக்கு ஆறாத புண், அதற்குள் இரண்டாவது கால்விரலைக் கொண்டுபோயிருந்தது. அடுத்தது கணுக்காலோடு எடுக்கவேண்டியதுதான் என்று சர்ஜன் கையை விரித்துவிட்டார். பதினெட்டுக் கட்டு போட்டதில், பாதி எலுமிச்சம்பழ அளவு இருந்த புண் புளியங்கொட்டை அளவாகச் சுருங்கியிருந்தது. முப்பத்தியொரு பேரில் இப்படி ஆறுகிற கால் வேறு யாருக்கும் இல்லை.

அந்தப் படலம் இறால் ஓட்டிலிருந்து எடுத்தது. லிஜாவுக்கு உயிர் போகிற இடம் இதுதான்.

மீன் வாசம் மூன்று வீடு தள்ளி வந்தாலே பிள்ளையின் மனைவி பகவதியம்மாளுக்குத் தெரிந்துவிடும். அடுத்த வீட்டு ஜெயதாஸின் பூனை ஒருநாள் துவைக்கிற கல்லின் மேல் மீன் தலையைப் போட்டுவிட்டுப் போனதற்காக, அந்தக் கல்லை மூன்று நாள் மஞ்சள் நீர் விட்டுத் தேய்த்தவள். கொச்சியில் வேலை பார்க்கிற மகன் சிவபிரசாத் ஒரு கல்யாணத்தில் மீன் வறுவல் தட்டோடு நிற்கிற போட்டோவை யாரோ காட்டிவிட, இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. வாசலுக்கு வருகிற லிஜாவுக்குக் காப்பி உண்டு, பழம் உண்டு, "ஒனக்கு நல்ல இடத்துல அமையட்டும்" என்ற வாழ்த்தும் உண்டு. ஆனால் காப்பி வருகிற கண்ணாடித் தம்ளர் மட்டும் எப்போதும் ஒன்றுதான். ரோஜாப்பூ போட்டது. அது உள்ளே போவதில்லை, சிட்டவுட் ஜன்னலிலேயே கவிழ்ந்து கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் லிஜாவுக்கு எரிச்சல் மூக்கு வரை வரும். காப்பி நன்றாக இருந்து தொலைப்பதால் குடித்துவிடுவாள்.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். மலையாளத்தில் இருந்த படிவத்தில், கடலிலிருந்து கிடைக்கும் இயற்கைப் பொருள் என்று மட்டும்தான் போட்டிருந்தது. பிள்ளை அதை வரி வரியாக வாசித்துவிட்டு, "கடல்ல இருந்துன்னா பாசியாக்கும்" என்று தானே தீர்ப்புச் சொல்லி ஒப்புப் போட்டார். பிறகு லிஜா கேள்வித்தாளில் இருந்தபடி, மீன், நண்டு, இறால் சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வருமா என்று கேட்டாள். "அந்தப் பேச்சே இந்த வீட்டுல எடுக்கப்பிடாது" என்று பகவதியம்மாள் உள்ளேயிருந்து சொன்னாள். லிஜா 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். வாயைத் திறந்திருக்கவேண்டிய நேரம் அது. ஆனால் அவளுக்கு முன்னால் அந்தக் கால் இருந்தது, அதிலிருந்து வந்த நாற்றம் இருந்தது. சொன்னால் இவர் எழுந்து உள்ளே போய்விடுவார், அடுத்த மாதம் அந்தக் கால் இருக்காது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் பதினாறு வாரமும் ஓடிப்போயிருக்கும். மனிதர் விட்டாரா? நாலாவது வாரத்தில் நிறுவனத்துக்குக் கடிதம் போட்டார். என் புண்ணைப் பராமரிப்பவர் என் மனைவி, அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும், மொழிச் சிறுபான்மையினர் வாழும் இந்தத் தாலுகாவில் படிவம் தமிழிலும் கிடைக்க உரிமை உண்டு. ஒரு கடிதம் இல்லை, ஐந்து கடிதம், ஐந்தும் ரிஜிஸ்டர் தபாலில். ஒற்றைக் காலில் நிற்கிறார் மனுஷன் என்று லிஜா ஆபீஸில் சொல்லி, சொன்ன வாயை உடனே கடித்துக்கொண்டாள். ப்ராஜெக்டை நடத்துகிற விஞ்ஞானி அனில்குமார் தலையில் அடித்துக்கொண்டார். ஒரே ஒரு நோயாளிக்காக ஒரு படிவமா? ஆனால் நெறிமுறைக் குழு அவர் கேட்பது சரிதான் என்றுவிட்டது. ஆபீஸிலேயே தமிழ் வாசிக்க எழுதத் தெரிந்தவள் மார்த்தாண்டத்தில் படித்த லிஜா ஒருத்திதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் அதை டைப் செய்துகொண்டிருந்தபோது, அவள் அம்மா புஷ்பபாய் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இறாலுக்கு அந்த வீட்டில் கொஞ்சு என்றுதான் பெயர். முறத்தில் ஓடு குவிந்துகொண்டிருந்தது.

"அவருக்க கால் ஆறுதா இல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆறுது."

"பின்ன என்னத்துக்கு அதக் கிண்டுதே? கடல் சாதனம்னு எழுதி விடு."

லிஜா அப்படித்தான் எழுதினாள். மலையாளப் படிவத்தில் கண்ணில் படாமல் போனதை இந்த முறை பிடித்துக்கொண்டு குழு திருப்பி அனுப்பியது. கடலில் ஆயிரம் பொருள் உண்டு, எது என்று சாதாரண மனிதருக்குப் புரிகிற சொல்லில் எழுதவும். அன்றைக்கு லிஜா அனில்குமாரிடம் சண்டையே போட்டாள். இறால் ஓட்டை ஆசிட்டில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பை எடுத்து, காரத்தில் கொதிக்கவைத்துப் புரதத்தை எடுத்து, இத்தனையும் போனபிறகு மிஞ்சுவது ஒரு சர்க்கரைச் சங்கிலி, அதில் இறால் எங்கே இருக்கிறது சார் என்றாள். அது உனக்கும் எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியவேண்டாமா என்றார் அவர். அடுத்த கட்டத்தில் காளானிலிருந்து எடுக்கப்போகிறோம் என்று ஆறுதலும் சொன்னார். அந்த வீட்டுப் படியில் காளானும் ஏறாது.

இப்போது அந்த நாலு பக்கம், இரண்டு பிரதியாக, அவள் கையில்.

"சார், அதுக்கு முந்தி ஒரு காரியம் சொல்லணும்."

"வாசிச்சிட்டுப் பேசுவோம். பேப்பர் பேசட்டும் முதல்ல." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி, இஞ்ச வா. உனக்க பாஷையிலயாக்கும் வந்திருக்கு."

பகவதியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை, அவளுக்கு ஒருபொழுது. நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. பிள்ளையின் கணுக்காலிலும் கட்டுக்குச் சற்று மேலே ஒரு கீற்று இருந்தது. கட்டின் மேலேயே பூசியவளை லிஜா சத்தம் போட்டு நிறுத்தியிருந்தாள். ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் அவள் அந்தக் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே கையால் போய் விளக்கேற்றுவாள்.

பிள்ளை வாசிக்கத் தொடங்கினார். ஆபீஸில் ஃபைல் வாசிக்கிற குரல், ஒரு சொல்லையும் விழுங்காத குரல். முதல் பக்கத்திலேயே சிவப்புப் பேனா வெளியே வந்தது. "இதென்ன மக்கா, 'ஆய்வில் பங்கேற்பவர் ஆகிய நீங்கள்'? கடுதாசில இப்பிடியா எழுதுவாவ?" என்றார். இரண்டாம் பக்கத்தில் வயது வரம்பு பற்றிய பத்தியை இரண்டு முறை வாசித்து, தனக்குப் பொருந்துகிறது என்று திருப்தியடைந்தார். பகவதியம்மாள் ஒவ்வொரு பத்திக்கும் தலையாட்டினாள். லிஜா ஜன்னலில் கவிழ்ந்திருந்த ரோஜாப்பூத் தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் பக்கம்.

"இந்தக் கட்டில் உள்ள படலம்," என்று வாசித்து நின்றார். தொண்டையைச் செருமினார். மறுபடியும், "இந்தக் கட்டில் உள்ள படலம்," என்றார். பேனாவின் முனை காகிதத்தில் ஒரு இடத்தில் ஊன்றி நின்றது. பிறகு கொஞ்சம் வேகமாக, "கடலிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைச் சுத்தம் செய்து தயாரிக்கப்பட்டது," என்று முடித்து அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

அந்த வாக்கியம் அந்தக் காகிதத்தில் இல்லை, இறால் ஓடு என்றுதான் இருந்தது. டைப் செய்தவள் லிஜா, அவளுக்குத் தெரியாதா? முப்பத்துமூன்று வருஷம் ஒரு வரியை விட்டு வாசிக்காத மனிதர், மனைவிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வரியை மாற்றி வாசித்துவிட்டார். அந்தப் பத்தி முடிந்ததும் கண்ணாடிக்கு மேலாக லிஜாவைப் பார்த்தார். பகவதியம்மாளுக்குத் தமிழும் தெரியும், பேச்சு மலையாளமும் தெரியும். ஆகவே பிள்ளை ஆங்கிலத்துக்குப் போனார்.

"யூ வேர் அவேர் ஆஃப் திஸ்?"

"எஸ் சார்."

"ஃபிரம் தி பிகினிங்?"

"எஸ் சார்."

அவர் முகம் கறுத்தது. தாடை ஒருமுறை இறுகியது. திட்டப்போகிறார் என்று லிஜா நினைத்தாள், திட்டினால் நல்லது என்றும் நினைத்தாள். அவர் குனிந்து ஸ்டூலின் மேலிருந்த தன் காலைப் பார்த்தார். விரல் இல்லாத இடத்தைப் பார்த்தார். "எத்தன கட்டு போட்டாச்சு?"

"பதினெட்டு."

நாலாம் பக்கத்தில் குரல் தளர்ந்திருந்தது. "இந்த ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம்."

"என்னத்துக்கு விலகணும்?" என்றாள் பகவதியம்மாள். "ஆறுத நேரத்துல?"

அவர் அடுத்த வரிக்குப் போனார். "இந்தப் படிவத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கும்," என்ற கடைசி வரியை வாசித்தபிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. சிவப்புப் பேனாவை மூடினார், நீலத்தைத் திறந்தார், இரண்டு பிரதியிலும் ஒப்புப் போட்டார்.

"எல்லாம் புரிஞ்சுதா சார்? நான் கேக்கணும், அதாக்கும் சட்டம்," என்றாள் லிஜா. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"புரிஞ்சுது. கட்டப் போடு."

லிஜா தரையில் உட்கார்ந்து பழைய கட்டை அவிழ்த்தாள். புளியங்கொட்டைகூட இல்லை இப்போது. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. அளந்து, போட்டோ எடுத்து, உப்புநீரில் துடைத்தாள். பாக்கெட்டைக் கிழித்து இடுக்கியால் படலத்தை வெளியே எடுத்தாள்.

"அந்த வீட்டுப் பேப்பர இஞ்ச தாங்க," என்று பகவதியம்மாள் கையை நீட்டினாள்.

"அது ஃபைலில வைக்கணும் ஏட்டி."

"ஃபைலுல நாளைக்கு வைக்கலாம். எனக்குன்னு சொல்லித்தானே ஐஞ்சு கடுதாசி போட்டிய? காதால கேட்டா எனக்குப் போராது. ஒருக்க நானே பாக்குதேன்."

நாகர்கோவிலிலிருந்து வருகிற தமிழ்ப் பத்திரிகையை டெண்டர் அறிவிப்பு வரைக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். ஐந்து கடிதம் எழுதி வாங்கியதைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல நீலகண்டன் பிள்ளையால் முடியவில்லை. காகிதம் கை மாறியது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, முதல் வரியின் கீழே சுட்டுவிரலை வைத்தாள்.

லிஜா இடுக்கியோடு அப்படியே இருந்தாள். இப்போதே சொல்லிவிடலாமா? சொல்வது யார், தானா, அவரா? சொல்லாமல் ஒட்டினால் எந்தக் கையால் ஒட்டுவது? காகிதம் புரண்டது. இரண்டாம் பக்கம். காற்றில் படலத்தின் ஓரம் சுருளத் தொடங்கியது.

"மக்கா," என்றார் பிள்ளை. இத்தனை வாரத்தில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி லிஜா கேட்டதில்லை. "சுருளுதுல்லா. ஒட்டு. வேகம் ஒட்டு."

லிஜா ஒட்டினாள். நாலு ஓரத்தையும் விரலால் அமுக்கி, துணியைச் சுற்றி, பாதத்தை இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். ஊசியால் குத்தினாலும் அறியாத பாதம்.

காகிதம் மறுபடியும் புரண்டது. மூன்றாம் பக்கத்தில் பகவதியம்மாளின் விரல் மெதுவாக நகர்ந்து வந்து ஓர் இடத்தில் நின்றது. உதடுகள் அசைந்தன, நின்றன, அதே சொல்லிலிருந்து மறுபடியும் அசைந்தன. லிஜாவின் உள்ளங்கைக்குள் நீலகண்டன் பிள்ளையின் பெருவிரல் மட்டும் மடங்கி, நிமிர்ந்து, மறுபடியும் மடங்கியது.