பதினோரு பேரும் பெர்சியும்

யுத்தத்தில் ஜெர்மன் குண்டு விழுந்து கூரை போன தேவாலயத்தை இடிக்காமல், சமாதானச் சின்னமாக அப்படியே வைத்திருக்கிறது எங்கள் ஊர். கரி படிந்த சுவரில் 'மன்னிப்போம்' என்று பித்தளை எழுத்து வேறு. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? வருஷா வருஷம் நவம்பரில் அங்கே நினைவு ஆராதனை நடக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுப்பது எட்னா ஹாலம்.

குண்டு விழுந்த ராத்திரி, தீப்பிடித்தால் அணைக்கக் கூரைமேல் காவல் இருந்து செத்தவர்கள் பன்னிரண்டு பேர். கல்லில் வெட்டியிருப்பதோ பதினோரு பெயர். விட்டுப்போனது எட்னாவின் புருஷன் பெர்சி. ஆளைக் கொல்ல மாட்டேன் என்று பட்டாளத்துக்குப் போக மறுத்து ஆறு மாதம் ஜெயிலில் கிடந்தவன். கோழை என்று அவன் வீட்டுக் கதவில் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அந்தக் கோழைதான் எரிகிற கூரையில் கடைசிவரை மணல் வாளியோடு நின்றான்.

இருபத்தோராவது வருஷம், ஆராதனைக்குச் சற்று முன்னால், பாதிரியார் எட்னாவிடம் குழைந்துகொண்டு வந்தார்.

"எட்னாம்மா, ஒரு உதவி. அன்னிக்குக் குண்டு போட்ட விமானத்துல இருந்தவரு, லோமான்னு பேரு, ஜெர்மனியிலருந்து வந்திருக்காரு. நீங்க அவர் கையைப் பிடிச்சா பேப்பர்காரங்க படம் எடுத்துக்குவாங்க. மத்த விதவைங்க யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

"அடேயப்பா! இப்பத்தான் நான் விதவையாத் தெரியறேனா? பெர்சி பேரையும் சேர்த்து வாசிங்க. கையென்ன, கட்டியே பிடிக்கிறேன்."

"வாசிச்சுடறேம்மா." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

எட்னா ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போய்க் கையைப் பிடித்தாள். நாலைந்து படம் எடுத்தார்கள்.

பிறகு பெயர் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் 'மறக்கவில்லை' என்று பதில் சொல்லும், அதுதான் வழக்கம். பதினோரு பெயர் முடிந்தது. பாதிரியார் தாளை மடித்தார்.

"ஜெபிப்போமாக."

பாவி, ஏமாற்றிவிட்டானே! எட்னா எழுந்தாள்.

"பெர்சி ஹாலம்!" என்று கத்தினாள்.

இத்தனை வருஷம் அவள் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள், தலையைக் குனிந்துகொண்டு ஷூவைப் பார்த்தார்கள்.

"மறக்கவில்லை."

முன்வரிசையிலிருந்து சொன்னவர் லோமான். பெயர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று காலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெர்சி யாரென்று அவருக்கு என்ன தெரியும்? கூட்டம் அவரை முறைத்தது.

பாதிரியார் எட்னாவிடம் ஓடிவந்து காதோடு சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா. ஊருக்கு இன்னும் மனசு ஆறலை."

"குண்டு போட்டவர்கிட்ட ஆறிப்போச்சு," என்றாள் எட்னா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "போட மாட்டேன்னு சொன்னவன்கிட்ட மட்டும் ஆறலையாக்கும்?"