பஸ் ஏறுகிற நாள்

என் அம்மா அம்சவள்ளி மறியலில் செத்தாள் என்றுதான் நைனார்பாளையத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷம் அது, எண்பத்தேழு. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். சொல்வதற்கு வசதியான காரணம் அது. உண்மையான காரணத்தைச் சொல்ல எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெட்கம். அந்த வெட்கத்தால் ஒரு உயிர் போனபிறகும் வெட்கம். நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. அப்பா ராஜாங்கம், “கேஸு, வேற ஒண்ணுமில்ல” என்று சோடா வாங்கிக் கொடுத்தார். மறுநாள் கள்ளக்குறிச்சியில் காட்டியபோதுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. அங்கிருந்து பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நெஞ்சில் பசை தடவி, எக்கோ என்ற மெஷினில் இதயத்தைப் படம் பிடித்தார்கள். திரையில் அது கறுப்பு வெள்ளையாக, தண்ணீருக்கடியில் ஏதோ அசைகிற மாதிரி தெரிந்தது. அதில் ஒரு பக்கம் அசையவே இல்லை.

டாக்டர் தீனதயாளன் பொறுமையாக விளக்கினார். நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே இருக்கும் ரத்தத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை வெளியே தள்ளும், அம்மாவுடையது முப்பதுதான் தள்ளுகிறது. அதனால் உடம்பில் தண்ணீர் தங்கும், கால் வீங்கும், நுரையீரலில் ஏறினால் மூச்சு முட்டும். தினமும் காலையில் நீர் மாத்திரை போட்டு அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும்.

“முப்பத்தஞ்சு எடுத்தாதான் பாஸு. ஒங்கம்மா முப்பதுல நிக்கறா” என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். உரக்கப் பேசித்தான் பயத்தை மறைக்கத் தெரியும் அவருக்கு. அன்றிலிருந்து மாத்திரையை வேறு யாரையும் தொட விடவில்லை. காலையில் அவரே எடுத்து அம்மா கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கிறவரை எதிரே நிற்பார்.

ஆனால் செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அம்மாவுக்குக் கால் வீங்கித்தான் இருந்தது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்து, ஒரு மாத்திரையை இரண்டாக்கினார். அடுத்தமுறையும் வீக்கம், மூன்றாக்கினார். ஊரில் இருக்கும் நாட்களில் அம்மா வற்றிப்போய், எழுந்தால் தலைசுற்றி, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கிடப்பாள். கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆடிப்பெருக்குக்கு மாமா வீட்டார் கல்வராயன் மலை அருவிக்குக் கூப்பிட்டபோதும், “நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க” என்றாள். உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மறியல் அறிவிப்பு வந்த சமயத்தில் மறுபடி எக்கோ எடுக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். விட்டால் எப்போது கிடைக்குமோ என்று அப்பாவுக்குப் பதைப்பு. “வெடியக்காலத்துல கெளம்பிட்டா அவங்க வர்றதுக்குள்ள தாண்டிப் போய்ட்லாம்” என்றார். கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்த நானும் துணைக்கு ஏறிக்கொண்டேன். உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. முன்னால் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. டிரைவர் திருப்பப் பார்ப்பதற்குள் பின்னாலும் ஒன்று விழுந்தது.

பஸ்ஸோடு அங்கேயே கிடந்தோம். பக்கத்துக் கிராமத்தில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆண்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நினைத்தபோது இறங்கி, ஆளுக்கொரு மரத்தடிக்குப் போய்விட்டு வந்து அரசியல் பேசினார்கள். பெண்கள் சீட்டில் உட்கார்ந்தபடி பொழுது சாயக் காத்திருந்தோம். மெஹ்ராஜ் பேகம் என்று கள்ளக்குறிச்சி துணிக்கடைக்காரர் வீட்டம்மா, இருட்டியதும் தன் மூட்டையிலிருந்து ஒரு போர்வையை உருவினார்.

“வாங்கம்மா, ரெண்டு பேரு புடிச்சிக்கினு நில்லுங்க, ஒவ்வொருத்தரா போய்ட்டு வந்துடலாம். எத்தினி நேரம்தான் அடக்கிக்கினு கெடக்கறது?”

எல்லோரும் இறங்கினோம். அம்மா மட்டும், “எனக்கு வரலம்மா” என்றாள்.

அப்பா வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார். அந்தக் கலாட்டாவிலும் அவர் மறக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் அம்மாவின் முகமே ஊதிவிட்டது. மூன்றாம் நாள் சாய்ந்து உட்காரக்கூட முடியாமல் மூச்சுக்குத் திணறினாள். அப்பா கீழே குதித்து மறியல்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பிள்ளைகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கயிற்றுக் கட்டில் கொண்டுவந்து, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி அம்மாவைத் தூக்கிப்போய், யாருடைய காரையோ பிடித்து ஏற்றிவிட்டார்கள். வழிநெடுக அடைத்திருந்தவர்களும் கட்டிலைப் பார்த்து வழி ஒதுக்கினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, மெஷினைக் கட்டில் பக்கமே தள்ளிக்கொண்டுவந்து எக்கோ எடுத்தார்கள். தீனதயாளன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதயம் போன தடவை மாதிரியேதான் இருக்கு. அதே முப்பது. புதுசா அடைப்பு வந்த அடையாளமும் இல்ல. அப்புறம் ஏன் இவ்வளவு தண்ணி? மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?”

“என் கையாலயே குடுத்தேங்க சார். ஒரு வேளைகூட தவறல.”

டாக்டர் அப்பாவைத் தனியே அழைத்துப்போனார். மூன்று மாத்திரைக்கும் தண்ணீர் வடியவில்லை என்றால் உடம்பு மருந்துக்குக் கட்டுப்படும் நிலையைத் தாண்டிவிட்டது, இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்றார். அப்பா சுவரில் சாய்ந்து நின்றார்.

ஊசி நன்றாக வேலை செய்தது. நான் திரையை இழுத்துவிட்டு அம்மாவுக்கு பெட்பேன் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் கொஞ்சம் தணிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்குத்தான்டி பயந்தேன்.”

“எதுக்கும்மா?”

“அந்த மாத்திரயப் போட்டா அர மணிக்கொருதரம் ஒண்ணுக்கு வருது. பஸ்ல எங்கடி போறது? கண்டக்டர்கிட்ட நிறுத்துன்னு கேக்க முடியுமா? ஒருவாட்டி முடியாம பொடவையிலயே போய்ட்டுது. ஒங்கப்பா பக்கத்துல தூங்கிக்கினு இருந்தாரு. அன்னியிலருந்து பஸ் ஏறுற நாளுக்கு மொத நாளே நிறுத்திடுவேன். அவரு குடுக்கறத கடவாய்ல ஒதுக்கி வச்சிருந்து அந்தாண்ட துப்பிடுவேன். வூட்டுக்கு வந்துதான் போட்டுக்குவேன்.”

இரண்டு வருஷமாக அம்மா மாத்திரை போடாத நாட்களில் மட்டும்தான் அந்த டாக்டர் அவளைப் பார்த்திருக்கிறார். பார்த்துப் பார்த்து மாத்திரையை ஏற்றியிருக்கிறார். ஏற்ற ஏற்ற இவளுக்கு பஸ் பயமும் ஏறியிருக்கிறது. இதயத்தின் ஒவ்வொரு சுவரையும் அளந்து பார்த்தார்கள். பஸ்ஸில் எப்படியம்மா வருகிறாய் என்று டாக்டர் கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை, பெண்ணாய்ப் பிறந்த நானும் கேட்கவில்லை.

“யார்கிட்டயும் சொல்லாதடி, அசிங்கம்” என்றாள். நான் நேரே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்துவந்து அம்மாவின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மருந்து உங்களுக்கு நல்லா கேக்குதும்மா. நாங்கதான் தப்பா புரிஞ்சிக்கிட்டோம். ஒரு மாத்திரையே போதும். பஸ்ல வர்ற அன்னிக்கு வூட்ல போட வேணாம், இங்க வந்து எறங்கினப்புறம் போட்டுக்குங்க. இங்க பாத்ரூம் இருக்கு.”

அம்மா நம்பாமல் அவரைப் பார்த்தாள்.

“காலைலதான் போடணும்னு சொன்னீங்களே சார்? மத்தியானமும் போட்லாமா?”

“போடலாம்மா. ஒரு நாளைக்கு நேரம் மாறினா ஒண்ணும் ஆகாது.”

“இது தெரியாம போச்சே” என்று அம்மா சிரித்தாள். “சரிங்க சார், அடுத்த வாட்டி அப்டியே செய்றேன்.”

மறுநாள் விடிகிற நேரத்தில் அவளுடைய இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றுபோனது. நுரையீரல் முட்டத் தண்ணீரோடு மூன்று நாள் போராடிய இதயம் அது. டாக்டர் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு வியர்வையோடு நிமிர்ந்தார்.

மறியல் ஓய்ந்து வழி விட்டபிறகு ஒரு வேனில் அம்மாவைக் கொண்டுபோனோம். விழுப்புரம் தாண்டியதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்த்துக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் அம்மாவின் காலைப் பார்த்தபடி இருந்தார். “துப்பினாளா? நான் எதிர்க்கதானே நின்னேன்” என்று மட்டும் கேட்டார். உளுந்தூர்பேட்டையில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினான். அப்பா இறங்கப் போனவர், கதவைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ராதிகா, ஒண்ணுக்குப் போவணுமாம்மா? சொல்லு, எங்கனா வூட்ல கேட்டுப் பாக்கறேன்.”

எனக்கு அப்போது முப்பது வயசு. அப்பா என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம்ப்பா என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டப் போனார்.