ஆண், வயது ஐம்பத்துநாலு

“இது யாரோட நெஞ்சும்மா?”

சந்திரம்மாள் கேட்டதும் கேசரித் தட்டை நீட்டிய பாஞ்சாலையின் கை அப்படியே நின்றது.

பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் ரெக்கார்டு நோட்டை யாராவது எடுத்துக் காட்டுவார்களா? பாஞ்சாலையின் புருஷன் இராமலிங்கம் காட்டினார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மகள் வேதா மெட்ராஸில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள் என்ற பெருமை அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. “பயோ மெடிக்கல்னு ஒரு பாடம் எடுத்திருக்கா. நெஞ்சு துடிக்கிறத காகிதத்துல வரையற மிஷினை அவளே செஞ்சிருக்கா” என்று நோட்டை மாப்பிள்ளை அருணகிரியின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஒட்டியிருந்த நீளக் காகிதத்தில் கோடு ஏறி இறங்கி ஓடியது. அது தடுமாறிய இடங்களில் புரொபசர் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். கீழே இங்கிலீஷில் இருந்ததை அருணகிரி தன் தாய் சந்திரம்மாளுக்குத் தமிழில் சொன்னான்: “ஆம்பளை. வயசு அம்பத்துநாலு. நோய் இருக்கிற இதயம்.”

பெயர் மட்டும் இல்லை. பரிசோதனைக்குப் படுத்தவரின் பெயரை எழுதக்கூடாது என்பது காலேஜ் விதி.

“அப்ப சட்டையக் கழட்டச் சொல்லி, தொட்டு, ஒயரு ஒட்டனது நீதானா?”

வேதா அப்பாவைப் பார்த்தாள். அந்த நெஞ்சு அவருடையதுதான். மாசியில் அவளைப் பார்க்க மெட்ராஸ் போனவரை லேபில் படுக்கவைத்து எடுத்தது. டாக்டரிடம் போகச் சொல்லி அவள் அன்றே அழுதாள். உன் கல்யாணம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.

“அது வேற யாரும் இல்லீங்க...” என்று ஆரம்பித்தாள்.

“யாரோ நோயாளிங்க” என்று இராமலிங்கம் முந்திக்கொண்டார். “ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த ஆளு.”

சந்திரம்மாள் நோட்டை மூடினாள். “போனது போவட்டும். பொண்ணு லட்சணமா இருக்கா. ஆனா, கண்டவன் மேல கை வைக்கிற படிப்பு எங்களுக்கு வேணாம். இனிமே காலேஜ் பக்கம் போவக்கூடாது. சரின்னா வைகாசில முகூர்த்தம் வச்சிக்கலாம்.”

புதன்கிழமை வேதாவுக்குச் செய்முறைத் தேர்வு. அதற்குப் போகாவிட்டால் பட்டம் இல்லை. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“சரிங்க” என்றார் இராமலிங்கம்.

அவர்கள் போனதும் வேதா கேட்டாள். “ஏம்பா சொல்லல?”

“நெஞ்சு வியாதி இருக்கிற வூட்ல யாரும்மா பொண்ணு எடுப்பாங்க? வம்சத்துக்கே வரும்னுவாங்க. உனக்கப்புறம் உன் தங்கச்சி சரசு வேற நிக்கறா.”

“என்னைக் கண்டவனையும் தொட்டவள்னு சொன்னா பரவாயில்லையா?”

அவர் நல்ல மனுஷர்தான். மகளை மெட்ராஸ் அனுப்பிப் படிக்கவைத்தவர். அப்படிப்பட்டவருக்கே, வியாதியை ஒத்துக்கொள்வதைவிட மகள் தலையில் பழியைப் போடுவது லேசாக இருந்தது.

வேதா அந்தக் காகிதத்தை நோட்டிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்தாள். அதன் மேல் கொட்டை எழுத்தில் ‘இராமலிங்கம்’ என்று எழுதி அவர் கையில் வைத்தாள்.

“பெரியாஸ்பத்திரில காட்டுங்க. எனக்கு இனிமே இது உதவாது.”

அவர் காட்டவில்லை. நாலாய் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அதுவரை அங்கே இருந்த வேதாவின் ஜாதகத்தைச் சந்திரம்மாள் கொண்டுபோயிருந்தாள்.

புதன்கிழமை காலை, வேதா ஏறாத மெட்ராஸ் பஸ் கிளம்பும் நேரத்தில், இராமலிங்கம் கோயிலுக்கு நாள் குறிக்கப் போனார். மாடவீதி பாதியில் மூச்சு அடைத்தது. மார்பைப் பிடித்துக்கொண்டு தேர் நிறுத்தும் தேர்முட்டி ஓரமாக நின்றவர், வலியைக்கூடக் கவனிக்காமல், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.